ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

உயரம் கூட வேண்டும் என்பதற்காக நல்ல காலை அறுத்து நீட்டிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. “பைத்தியக்காரத்தனம்” என்பது ஒன்று. “காசு இருந்தால் செய்துகொள்ளட்டுமே, மூக்கைத் திருத்திக்கொள்வதில்லையா?” என்பது இன்னொன்று. இரண்டுமே சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படுபவை. மூக்கைத் திருத்திக்கொண்டவர் இரண்டொரு வாரத்தில் வேலைக்குப் போய்விடுவார். காலை நீட்டிக்கொள்பவர் ஆபரேஷன் தியேட்டரில் கழிப்பது சில மணி நேரம்தான். அதன்பின் ஏறத்தாழ ஒரு வருடம் அவருடைய சாப்பாடு, தூக்கம், குளியல், வேலை எல்லாம் அந்தக் கால்களைச் சுற்றியே நடக்கும். மருத்துவரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சில மணி நேரத்துக்கான கைகாரரைத் தேடுகிறார்கள். அந்த ஒரு வருடத்துக்கான ஆளைத் தேட வேண்டும் என்பதே என் கட்சி.

இந்தச் சிகிச்சை அழகுக்காகப் பிறந்ததல்ல. 1905-லேயே இத்தாலியின் பொலோனியாவில் அலெஸ்ஸாண்ட்ரோ கொடிவில்லா என்ற மருத்துவர், குட்டையாகிப்போன கால் எலும்பை அறுத்துப் பலமாக இழுத்து நீட்டிய அனுபவங்களை எழுதியிருக்கிறார். ஒரேயடியாக இழுத்ததால் நரம்பும் ரத்தக் குழாயும் அடிபட்டன. அரை நூற்றாண்டுக்கு அந்த வழி பெரும்பாலும் அப்படியே கிடந்தது. அதைத் திறந்தவர் கவ்ரீல் இலிசாரோவ். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் மேற்கு சைபீரியாவின் குர்கான் வட்டாரத்தில் கிராமத்து மருத்துவராகப் பணியில் சேர்ந்தவர். போரில் கால் உடைந்து, எலும்பு சேராமல், சீழ் வடிய வந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. 1950-களின் தொடக்கத்தில் ஒரு கருவியை உருவாக்கினார். காலைச் சுற்றி உலோக வளையங்கள், அவற்றிலிருந்து எலும்பை ஊடுருவிச் செல்லும் மெல்லிய கம்பிகள், வளையங்களை இணைக்கும் திருகுத் தண்டுகள். துண்டுகளை நெருக்கிச் சேர்ப்பதுதான் நோக்கம். ஒரு நோயாளி திருகைத் தவறான பக்கம் திருப்பிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு முளைத்திருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்ததாம். எலும்பு மருத்துவர்கள் இந்தக் கதையை அலுக்காமல் சொல்வார்கள்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற உயரம் தாண்டும் வீரர் வலேரி புருமெல் 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். மாஸ்கோவில் அறுவைமேல் அறுவை செய்தும் சரியாகாத காலை இலிசாரோவ் சீர்செய்தார். புருமெல் மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டினார். மேற்கு நாடுகளுக்கு இந்த முறை போய்ச் சேர்ந்ததும் ஒரு நோயாளியால்தான். தோர் ஹெயர்டாலோடு ‘ரா’ படகில் பயணம் செய்த இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி, ஆறாத காலோடு 1980-ல் குர்கான் போய்க் குணமாகித் திரும்பினார். ஊர் மருத்துவர்கள் ஆச்சரியப்பட்டு, மறு வருடமே இலிசாரோவை இத்தாலிக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். அங்கிருந்து கனடா, அமெரிக்கா, இந்தியா என்று முறை பரவியது. விபத்தில் எலும்பை இழந்தவர்கள், போலியோவில் ஒரு கால் குட்டையானவர்கள், பிறவியிலேயே கால் வளைந்த குழந்தைகள் என்று இதனால் நடக்கத் தொடங்கியவர்களின் எண்ணிக்கை பெரிது. எந்தக் குறையும் இல்லாத காலுக்கு இதைச் செய்வது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கிளை.

முறையின் சூட்சுமம் பொறுமையில் இருக்கிறது. எலும்பின் மேலுறையைக் கூடியவரை காப்பாற்றிக்கொண்டு எலும்பை மட்டும் வெட்டுகிறார்கள். ஐந்து முதல் ஏழு நாள் ஒன்றும் செய்வதில்லை. வெட்டுவாயில் ரத்தம் உறைந்து, ஆறும் வேலை தொடங்க அந்த அவகாசம். பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்குகிறார்கள். அதையும் ஒரே இழுப்பாக இல்லாமல் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை. இடைவெளியில் முதலில் நார்போன்ற திசு உருவாகி, அது மெல்ல எலும்பாகிறது. வேகம் கூடினால் எலும்பு பிடிக்காமல் வெற்றிடம் நின்றுவிடும். குறைந்தால் முழு நீளம் வருவதற்குள் எலும்பு பூட்டிக்கொள்ளும், மறுபடி வெட்ட வேண்டிவரும். தொடை எலும்பு ஒரு மில்லிமீட்டரைத் தாங்கும். முழங்காலுக்குக் கீழுள்ள டிபியாவுக்கு முக்கால் மில்லிமீட்டரோடு பல மருத்துவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆறு சென்டிமீட்டர் என்றால் நீட்டுவதற்கே இரண்டு மாதம். நீட்டிய எலும்பு முற்றிக் கெட்டிப்பட அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். சென்டிமீட்டருக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்பது தோராயக் கணக்கு.

எலும்பு பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். தகராறு செய்வது தசையும் நரம்பும். எலும்பு புதிதாக வளர்கிறது, தசையோ இழுபட்டுத்தான் ஈடுகொடுக்கிறது. தொடையை நீட்டும்போது தொடைப் பக்கவாட்டுப் பட்டையும் பின்தொடைத் தசையும் இறுகுகின்றன. முழங்கால் முழுதாக நீளாமல் போகும், இடுப்பு முன்பக்கம் மடங்கி முதுகு வளையும், பின்புறம் துருத்திக்கொண்டு நடக்க நேரும். டிபியாவை நீட்டினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் இறுகிக் குதிகால் தரையைத் தொடாது. நுனிக்காலில் நிற்க வேண்டிய நிலை அது. சப்பணமிட்டு உட்கார்வதும் குத்தவைப்பதும் வாழ்க்கையின் பாகமாக இருக்கிற ஊர்களில் இது சாதாரண இழப்பாகாது. குத்தவைக்கக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். முதலில் பறிபோவது அந்த மடக்கம்தான். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர், பூஜைக்கோ தொழுகைக்கோ மண்டியிடுகிறவர் இதைப் பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டாக வேண்டும். மேலைநாட்டு நோயாளிக்கு இந்தக் கேள்வி தோன்றாது, அங்கே அச்சாகிற கையேட்டிலும் இராது.

கருவிகளின் கதைக்கு வருவோம். வெளியில் வளையம் மாட்டும் இலிசாரோவ் முறை இன்றும் உண்டு. மலிவானது, நம்பகமானது, ஆனால் தோலைத் துளைத்து நிற்கும் ஒவ்வொரு கம்பியும் கிருமிக்கு ஒரு வாசல். எலும்புக்குள்ளே ஒரு கம்பியைச் செருகி, வெளி வளையத்தால் நீட்டிவிட்டு, நீளம் வந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுவது கலப்பு முறை. வளையம் மாட்டியிருக்கும் மாதங்கள் குறையும். ஆனால் வெளிக் கம்பியின் புண் உள்கம்பிவரை இறங்கினால் எலும்புக்குள் சீழ் பிடிக்கும், அதை ஆற்றுவது பெரும்பாடு. செலவு குறைவு என்பதால் இந்தியாவில் கலப்பு முறை அதிகம் பேசப்படுகிறது.

மூன்றாவது வகை முழுக்க உள்ளேயே இருப்பது. தொலைநோக்கிக் குழல்போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த உலோகக் கம்பி எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் கிடக்கும். அமெரிக்காவில் 2011-ல் அனுமதி பெற்ற ப்ரிசைஸ் கம்பிக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. நோயாளி வீட்டில் படுத்தபடி, தொடையில் மார்க்கர் பேனாவால் குறித்துவைத்த இடத்தில் ஒரு பெட்டியை வைக்கிறார். பெட்டிக்குள் சுழலும் காந்தங்கள் உள்ளிருக்கும் காந்தத்தைச் சுழற்ற, அது திருகைத் திருக, கம்பி நீள்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் ஏழு நிமிடம். குளித்தால் குறி அழிந்துவிடும் என்று தினமும் மேலே பூசிக்கொள்கிறார்கள். குறி தப்பினால் பெட்டி ஓடும், கம்பி நகராது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை அது தெரியவும் தெரியாது.

இந்தக் கம்பியின் குறை அதன் மெலிவு. தடிமனான ரகத்துக்கே ஒரு காலுக்குச் சுமார் 34 கிலோதான் தாங்குதிறன். இரண்டு காலையும் ஒன்றாக நீட்டுகிறவர் முழு எடையையும் ஊன்றி நடக்க வழியில்லை. வாக்கர், சக்கர நாற்காலி என்று மாதக்கணக்கில் போகும். இதைத் தீர்க்க 2018-ல் ப்ரிசைஸ் கம்பியின் நிறுவனமே ஸ்ட்ரைட் என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கொண்டுவந்தது. ஆபரேஷன் முடிந்ததும் எடை ஊன்றி நடக்கலாம் என்றார்கள். அழகுக்காக நீட்டிக்கொள்கிறவர்கள் மத்தியில் அதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி முடியாது. 2021-ன் தொடக்கத்தில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. குழலும் தண்டும் சேரும் இடத்தில் உலோகம் அரித்து, சுற்றியிருந்த எலும்பு கரைவதை ஐரோப்பிய மருத்துவர்கள், குறிப்பாக டென்மார்க்கில், எக்ஸ்ரேயில் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கும் முன்பு ஐ.எஸ்.கே.டி. என்றொரு கம்பி இருந்தது. காலை அசைத்தால் உள்ளே திருகு சுழலும் ஏற்பாடு. சிலருக்கு அது கட்டுப்பாடின்றி ஓடி, ஒரு நாள் அளவைத் தாண்டி நீண்டது. அதுவும் சந்தையை விட்டுப் போயிற்று. புதிய கம்பி என்பதால் அது மேலானது என்று இந்தத் துறையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. “இந்தக் கம்பியை எத்தனை வருடமாகப் போடுகிறீர்கள், போட்டவற்றில் எத்தனையை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்?” என்று கேட்பது நியாயமான கேள்வி.

சிக்கல்களை அளக்க 1990-ல் டிரோர் பேலி ஒரு வகைப்பாட்டைத் தந்தார். இலிசாரோவின் முறையை வட அமெரிக்காவில் பரப்பியவர்களில் முதன்மையானவர் அவர். கத்தி வைக்காமலே சரியாகிறவை ஒரு வகை. இன்னொரு அறுவையால் தீர்கிறவை அடுத்த வகை. சிகிச்சை முடிந்த பிறகும் தீராமல் தங்கிவிடுகிறவை மூன்றாம் வகை, உண்மையான சிக்கல் என்று அவர் சொன்னது இவற்றைத்தான். மருத்துவரைச் சோதிக்க இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை. “எங்களிடம் சிக்கலே வராது” என்கிறவரிடமிருந்து விலகிவிடலாம். கால் நீட்டிப்பில் முதல் வகைச் சிக்கல் ஏதாவது வராதவர் அபூர்வம். நல்ல மருத்துவர் தன்னிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் தடவை தியேட்டர் போக வேண்டியிருந்தது, எத்தனை பேரிடம் குறை தங்கிவிட்டது என்று எண்ணோடு சொல்வார். தயங்காமல் சொல்கிறாரா என்பதைக் கவனித்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

உயிருக்கே ஆபத்தானவையும் உண்டு. தொடை எலும்பின் குழியைக் குடையும்போது அழுத்தத்தால் மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகலாம். அழுத்தம் வெளியேற எலும்பில் முன்கூட்டியே துளைகள் போட்டுக்கொள்வது வழக்கம். கால் சிரையில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கலாம். கெண்டைக்காலில் தசை அறைக்குள் அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்துக்குள் திறந்துவிட வேண்டும். இவற்றால் இறந்துபோகிறவர்கள் மிகக் குறைவுதான். ஆனால் நோயே இல்லாதவருக்கு இந்த அபாயத்தை நாமே தேடித் தருகிறோம் என்பதால் தராசு வேறுமாதிரி சாய்கிறது. முறிந்த காலுக்குச் செய்கிற மருத்துவர் ஒரு நஷ்டத்தை எதிர்த்து வேலை செய்கிறார். இங்கே எதிர்த்து வைக்க ஒரு நஷ்டமில்லை, ஒரு மனக்குறை மட்டும்.

அந்த மனக்குறையைச் சில்லறையாக நினைப்பதற்கில்லை. மணமக்கள் விளம்பரத்தில் வயதுக்கும் சம்பளத்துக்கும் பக்கத்தில் உயரம் அச்சாகிறது. “பையன் கொஞ்சம் குள்ளம்” என்ற ஒரு வாக்கியத்தில் ஜாதகப் பொருத்தம் முழுவதும் கரைந்துபோகும். பள்ளியில் வைத்த பட்டப்பெயர் முப்பது வயதிலும் கூடவே வரும். ஆனால் உயரம் கூடினால் எல்லாம் தீரும் என்று நம்புகிறவருக்கும், உயரம் கூடினால் நல்லது என்று நினைக்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாமவருக்கு ஐந்து சென்டிமீட்டர் கிடைத்ததும் இன்னும் மூன்று வேண்டும் என்று தோன்றும். தன் உடம்பில் ஒரு குறையை இடைவிடாமல் பெரிதாகக் காணும் மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு எந்த அழகு அறுவையும் நிம்மதி தருவதில்லை என்பது மனநல மருத்துவத்தில் தெரிந்த விஷயம். ஆகவே மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் தேதி கொடுக்கிற மருத்துவமனை பொறுப்பானதல்ல. அனுப்புவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிற நோயாளியும் இன்னும் தயாராகவில்லை.

போலீஸ் வேலைக்காக இதை யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம் வேண்டும். அளவுநாடாவைத் தாண்டிவிடலாம்தான். அடுத்து 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். நீட்டிய கால்களுக்குப் பழைய வேகம் திரும்பும் என்று எந்த மருத்துவராலும் உத்தரவாதம் தர முடியாது.

சட்டம் இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு வேறு. மோசமான முடிவுகள் குவிந்ததும் சீனா 2006-ல் அழகுக்கான கால் நீட்டிப்பைத் தடைசெய்து, மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. இந்தியாவில் அப்படித் தனித் தடை இல்லை. ஆனால் 2016-ல் ஹைதராபாத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் வீட்டில் சொல்லாமல் போய் அறுவை செய்துகொண்டார். மகனைக் காணோம் என்று தேடிய பெற்றோர் அவரை மருத்துவமனைப் படுக்கையில் கண்டார்கள். விவகாரம் தெலங்கானா மருத்துவ கவுன்சிலுக்குப் போய், அறுவை செய்த மருத்துவரை இரண்டு வருடம் இடைநீக்கம் செய்து கவுன்சில் உத்தரவிட்டது. வயது வந்தவர் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கப் பெற்றோர் கையெழுத்து எதற்கு என்ற வாதம் சட்டப்படி சரி. ஆனால் அந்த மகனைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போகப் போவது யார்? மூன்று மாதம் தன்னைச் சுமக்கப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்குவது திட்டமிடலின் முதல் படியையே தாண்டிக் குதிப்பது.

சரி, யாரிடம் போவது? எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி. பட்டமும், மாநில மருத்துவ கவுன்சில் பதிவும் இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. அதற்கு மேல், அவர் அன்றாடம் செய்வது எலும்புச் சீரமைப்பா, அழகு வியாபாரமா என்று பார்க்க வேண்டும். விபத்தில் எலும்பு இழந்தவர்களுக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கும் வருடக்கணக்கில் நீட்டிப்பு செய்து வருகிறவர், கோணிப்போன எலும்பை எப்படி நிமிர்த்துவது, ஆறாத எலும்பை எப்படி ஆற்றுவது என்று கைப்பழக்கமாக அறிந்திருப்பார். இலிசாரோவ் முறைக்கென்று ஏற்பட்ட அசாமி சங்கத்தின் இந்தியக் கிளையில் இயங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. உள்கம்பி மட்டும் தெரிந்து வெளி வளையம் தெரியாதவரிடம் சிக்கல் வந்தால் மாற்று வழி இருக்காது. என் கணிப்பில் இந்த ஒரு வடிகட்டியே பாதிக் கடைகளை வெளியேற்றிவிடும்.

வாட்ஸாப்பில் பதில் சொல்லும் ‘ஒருங்கிணைப்பாளர்’, மருத்துவரைப் பார்க்கும் முன்பே முன்பணம், “இந்த மாதத்துக்குள் பதிந்தால் தள்ளுபடி” என்கிற பேரம், இவற்றில் எது இருந்தாலும் திரும்பிவிடுவது நல்லது. இன்ஸ்டாகிராமில் வருகிற முன்–பின் படங்களில் நோயாளி நிற்கிறார், நடப்பதில்லை. மூன்றாம் மாதத்துப் பேட்டியை விட இரண்டாம் வருடத்துப் பேட்டிக்கு மதிப்பு அதிகம். இப்படியான சிகிச்சை பற்றிய ஆய்வுகளிலும் இதே குறை உண்டு. பெரும்பாலானவை ஒரே மருத்துவர் தன் நோயாளிகளைத் தானே திரும்பிப் பார்த்து எழுதியவை. நீட்டிய கால்களின் மூட்டுகள் இருபது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று சொல்லத் தகுந்த ஆராய்ச்சி குறைவு.

நேரில் பார்க்கும்போது கேட்க வேண்டியவற்றில் தலையாயது, “எப்போது நிறுத்துவீர்கள்?” என்பது. முழங்கால் முழுதாக நீளாமல் போனால், பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தால், கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் போனால், எக்ஸ்ரேயில் புது எலும்பு மெலிந்து தெரிந்தால் வேகத்தைக் குறைப்பாரா, நிறுத்துவாரா, நரம்பை விடுவிக்க அறுவை செய்வாரா? இவை ஒவ்வொன்றுக்கும் அவரிடம் முன்கூட்டியே எல்லை இருக்க வேண்டும். எட்டு சென்டிமீட்டர் வேண்டும் என்று காசு கொடுத்தவர் ஐந்தில் நிறுத்தச் சொன்னால் கோபப்படுவார். அந்தக் கோபத்தைத் தாங்குகிற முதுகெலும்பு மருத்துவருக்கு இருக்கிறதா என்பது கேள்வி. தொடையில் ஐந்து முதல் எட்டு, டிபியாவில் ஐந்தை ஒட்டி என்பது பலரும் கடைப்பிடிக்கும் வரம்பு. பத்து, பன்னிரண்டு என்று ஒரே சுற்றில் தருவதாகச் சொல்கிறவரோ, நான்கு எலும்பையும் ஒரே நாளில் வெட்டலாம் என்கிறவரோ துணிச்சல்காரர், அவ்வளவுதான். சிலரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்றும் கேட்கலாம். புகை பிடிக்கிறவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பதினாறு வயதுப் பையன், இவர்களையும் ஏற்கிறவரிடம் வாசல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும்.

வெளிநாடு போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 70,000 டாலரில் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இஸ்தான்புல்லில் அதைவிட வெகு குறைவு என்பதால் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே போகிறார்கள். நல்ல மருத்துவர்கள் அங்கேயும் உண்டு. பிரச்சினை தூரத்தில் இருக்கிறது. இஸ்தான்புல்லில் அறுத்துக்கொண்டு மூன்றாவது வாரம் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டவரை நினைத்துப் பாருங்கள். நீட்டும் வேலை பாதியில் இருக்கிறது. வாராவாரமோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ எக்ஸ்ரே எடுத்து, அனுபவமுள்ள கண் அதைப் பார்த்து, வேகத்தை மாற்ற வேண்டும். உள்ளூர் எலும்பு மருத்துவர் இன்னொருவர் தொட்ட கேஸைத் தொடத் தயங்குவார், அதில் நியாயமும் இருக்கிறது. நீட்டும் கட்டம் முடியும்வரை மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகிற தூரத்தில் தங்க முடியாதவர், போகாமல் இருப்பதே மேல். எங்கே செய்துகொண்டாலும் அறுவைக் குறிப்பையும், கம்பியின் வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கரையும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த அளவுக் கம்பி என்று தெரியாமல் அதை எடுக்க வருகிற மருத்துவர் சரியான கருவி இல்லாமல் திண்டாடுவார்.

மீட்சிக்கான ஏற்பாடு அறுவைக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குவது. ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் சரிசெய்துகொள்ள வேண்டும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில்தான் அந்தக் குறைபாடு சர்வசாதாரணம். சிகரெட், பீடி இரண்டையும் நிறுத்த வேண்டும், நிகோடின் எலும்பு முளைப்பதைத் தடுக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டை முன்பே பார்த்துத் தசைகளை நீட்டிப் பழக வேண்டும். ஏற்கெனவே குனிந்து கால்விரலைத் தொட முடியாத உடம்பு அறுவைக்குப் பின் இரட்டிப்பு விலை கொடுக்கும்.

வீட்டைப் பார்க்கும்போது படுக்கையறையை விடக் கழிப்பறையைக் கவனிக்க வேண்டும். நம் அடுக்குமாடிகள் பலவற்றில் குளியலறைக் கதவு இரண்டு, இரண்டேகால் அடி அகலத்தைத் தாண்டாது. சாதாரணச் சக்கர நாற்காலி அதில் நுழையாது. நாடாவை எடுத்து அளந்து, நுழையும் நாற்காலியை வாடகைக்கு எடுப்பதோ, கதவைக் கழற்றுவதோ இப்போதே முடிவாக வேண்டும். வாசலில் அந்த இரண்டங்குலத் திண்டு இருக்கிறதே, தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டியது, அதுவும் ஒரு மலைதான். இந்தியக் கழிப்பறை மட்டும் இருக்கிற வீடு உதவாது. மேற்கத்தியது இருந்தாலும் மேலே உயர்த்துப் பலகை வேண்டும், பக்கத்தில் கைப்பிடி வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் வாரா வாரம் எக்ஸ்ரேக்கு எப்படி இறங்குவது என்று யோசித்துவிட்டு வேறு வீடு பார்க்க வேண்டும்.

கூட ஒரு ஆள் கட்டாயம். முதல் மூன்று நான்கு வாரம் இரவிலும் வேண்டும். இரவில்தான் தசை பிடித்துக்கொள்ளும், தூக்கம் வராது, மனம் தளரும். பெரும்பாலும் இந்த வேலை அம்மாவின் தலையிலோ மனைவியின் தலையிலோ விழுகிறது. யாரும் அதைச் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்கிற பணம் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதி வாங்குவதே நியாயம்.

பிசியோதெரபி வாரத்துக்கு ஐந்து நாளாவது ஆள் வந்து செய்ய வேண்டும், மீதி நேரம் தானே செய்துகொள்ள வேண்டும். தொடை நீட்டியவர் குப்புறப்படுத்து இடுப்பை நிமிர்த்துவதும், குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்து முழங்காலைத் தானாக நீளவிடுவதும் தினமும் பலமுறை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் முழங்காலை மடங்கிய நிலையில் பூட்டிவிடும். அன்பு மிகுந்த அத்தைகள் வந்து அந்தத் தலையணையைத்தான் முதலில் வைப்பார்கள், சொல்லி வைக்க வேண்டும். டிபியா நீட்டியவர் இரவில் பாதத்தை மேல்நோக்கிப் பிடிக்கிற கட்டு மாட்டிக்கொண்டு தூங்குவார். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கிற டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் எலும்பு முளைப்பதைத் தாமதப்படுத்தும் என்பதால் பல மருத்துவர்கள் இந்தக் காலத்தில் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற ஊசியையோ மாத்திரையையோ ஒரு நாள்கூட விடக் கூடாது. கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடானாலோ, மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்கக் கூடாது.

எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே சொல்லும். புது எலும்பு முன், பின், உள், வெளி என்று நான்கு பக்கத்தில் மூன்றிலாவது கெட்டியாகத் தெரிய வேண்டும் என்பது வழக்கமான விதி. ஆறு சென்டிமீட்டர் தொடை நீட்டியவருக்கு அது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் மாதத்தில் வரும். ஊன்றுகோல் இல்லாமல் கோணாமல் நடக்க எட்டு ஒன்பது மாதம், ஓட ஒரு வருடத்தை ஒட்டி. வீட்டிலிருந்தே வேலை என்பது மென்பொருள்காரர்களுக்குச் சாத்தியம், ஆனால் முதல் மாதம் மடிக்கணினியைத் திறக்கிற மனநிலையே இருக்காது. நின்றுகொண்டே வேலை செய்கிறவர்கள், ஓட்டுநர்கள், கடைக்காரர்கள் எட்டு மாத வருமானத்தைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

பணக்கணக்கில் மருத்துவமனை தரும் தொகை முதல் வரி மட்டும். காப்பீடு அழகு அறுவைக்குத் தராது. அதனால் வரும் சிக்கலுக்கும் பெரும்பாலும் தராது. எலும்பு சேராமல் போனால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கிற அறுவை, நரம்பை விடுவிக்கிற அறுவை, இறுகிய தசைநாரை நீட்டுகிற அறுவை, இவை யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்காதவர் கடனில் போய் முடிகிற வாய்ப்பு அதிகம். நடு வழியில் பணம் தீர்ந்தால் வெட்டிய எலும்பு காத்திருக்காது.

பலர் கேட்க மறக்கிற கடைசி வரி கம்பியை எடுக்கும் செலவு. ப்ரிசைஸ் போன்ற கம்பிகளை வாழ்நாள் முழுக்க உள்ளே விடுவதில்லை. எலும்பு முற்றியதும், ஒன்று ஒன்றரை வருடத்தில், மறுபடி மயக்க மருந்து, மறுபடி தியேட்டர். எடுத்த பிறகு திருகாணி இருந்த துளைகள் மூட வேண்டும். அதுவரை ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஓட்டம், குதிப்பு, பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வது எதுவும் கூடாது, அந்த இடத்தில் எலும்பு முறியக்கூடும். முதல் நாள் கையில் தரும் எஸ்டிமேட்டில் இந்த இரண்டாம் அறுவைக்கான தொகையும், அதைச் செய்யப்போகிற மருத்துவர் பெயரும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.